சிண்டரெல்லா சட்டமும் எங்க வீட்டு ரவுட்டரும்

எங்க வீட்ல ராத்திரி பத்தரை மணிக்கு ரவுட்டரை அணைச்சிடுவேன். பையன் ஒன்பதாவது படிக்கிறான், விட்டா விடிய விடிய கேம் ஆடுவானேங்கிற பயம். போன மாசம் ஒருநாள் தண்ணி குடிக்க எழுந்தா போர்வைக்குள்ள வெளிச்சம். அவன் அம்மா போனோட ஹாட்ஸ்பாட்! கோபத்துக்குப் பதிலா சிரிப்புதான் வந்தது. ஏன்னா இதே வேலையை ஒரு நாடே செஞ்சு, இதே மாதிரி ஏமாந்த கதை ஒண்ணு இருக்கு. தென் கொரியா. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சது, இன்னிக்கு எழுதிடறேன்.

கொஞ்சம் பின்னாடி போகணும். 1997 கடைசியில் கொரியாவின் பொருளாதாரம் படுத்து, ஐ.எம்.எஃப்.பிடம் கடனுக்கு நின்ற நேரம். வேலை போனவர்கள் பலர் கையிலிருந்த பணத்தைப் போட்டு 'பிசி பாங்' திறந்தார்கள். பாங்னா அறை. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர் மாதிரிதான், ஆனா முக்கியமா ஆடறதுக்கு. 1998-ல் ஸ்டார்கிராஃப்ட் வந்தது, அதே வருஷம் அவங்க ஊர் தயாரிப்பான லினியேஜும். ஜப்பானியக் கலாச்சாரப் பொருட்களுக்கு அதுவரை தடை இருந்ததால டிவியில் மாட்டி ஆடுற பெட்டிகள் அங்கே பெரிசா வேரூன்றலை. கம்ப்யூட்டர்ல, கூட்டமா, இணையத்துல ஆடறதுதான் ஆட்டம்னு ஆச்சு. 2000-லேயே கேம் போட்டிகளைக் காட்டத் தனி டிவி சேனல் வந்தாச்சுன்னா பார்த்துக்குங்க.

பின்னாடியே பயமும் வந்தது. 2010-ல் ஒரு தம்பதி பிசி பாங்கே கதின்னு கிடந்து, மூணு மாசக் கைக்குழந்தையைப் பட்டினியில சாகவிட்ட வழக்கு நாட்டையே உலுக்கியது. அவங்க ஆடினது திரைக்குள்ள ஒரு சின்னப் பொண்ணை வளர்க்கிற விளையாட்டு. (எழுதும்போதே கை நடுங்குது.) கவனிங்க, அடிமையானது பெத்தவங்க. ஆனா 2011-ல் வந்த சட்டம் பிள்ளைகளுக்கு!

2011 நவம்பர் 20 முதல், 16 வயசுக்குக் கீழே இருக்கிற யாரும் நள்ளிரவு 12-லிருந்து காலை 6 மணிவரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது. மணி பன்னிரண்டு அடிச்சதும் நிறுவனமே கணக்கை மூடிடணும். அதான் 'சிண்டரெல்லா சட்டம்'னு பட்டப்பெயர். நோக்கம், பிள்ளைகள் தூங்கணும். அதைத் தப்புன்னு சொல்ல முடியாது. பதின்வயசுல உடம்பின் தூக்கக் கடிகாரமே பின்னாடி தள்ளிப்போகும். ஆனா தேவைப்படற தூக்கம் 8-லிருந்து 10 மணி நேரம். அரசியல் சாசன நீதிமன்றமும் 2014-ல் சட்டம் செல்லும்னே சொன்னது.

நடைமுறைதான் கூத்து. அப்பா அம்மாவோட குடிமக்கள் பதிவு எண்ணைப் போட்டு பிள்ளைகள் உள்ளே நுழைஞ்சாங்க. 2012-ல் ஒரு பிரெஞ்சுப் போட்டியின் தகுதிச் சுற்றுல ஆடின 15 வயசு ஸ்டார்கிராஃப்ட் வீரனுக்கு, நடு ஆட்டத்துல பன்னிரண்டு மணி நெருங்கிடுச்சு. 'ஐயோ, என்னை மூடிடுவாங்களே'ன்னு அவன் பதறினது உலகம் பூரா செய்தியாச்சு. அதைவிடப் பெரிய ஓட்டை, மொபைல் கேம்களுக்கு விலக்கு. சில வருஷத்துல ஆட்டமே போனுக்குக் குடிபெயர்ந்துடுச்சு. சட்டம் காலியான வீட்டுக்குக் காவல் காத்தது.

முடிவு வந்தது மைன்கிராஃப்டால. 2021-ல் அந்தக் கணக்குகளை எல்லாம் மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு மாத்தச் சொன்னாங்க. சிறுவர்களை மட்டும் ராத்திரி மூடறதுக்குத் தனி ஏற்பாடு செய்யறதைவிட அவங்களை மொத்தமா வெளியே நிறுத்தறது அந்தக் கம்பெனிக்குச் சுலபமா இருந்தது. அதனால கட்டை அடுக்கி வீடு கட்டுற குழந்தை விளையாட்டு, கொரியாவுல மட்டும் 19 வயசுக்கு மேற்பட்டவங்களுக்குன்னு ஆயிடுச்சு! ஊரே சிரிச்சுது. 2022 ஜனவரி 1-லிருந்து சட்டம் இல்லை.

என்னை உறுத்தற விஷயம் இனிமேதான். அதே சியோல் நகரத்துல இன்னொரு ஊரடங்கும் உண்டு. டியூஷன் சென்டர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல பாடம் நடத்தக்கூடாது! அவங்க மொழியில ஹாக்வான். 2009-ல் நீதிமன்றம் இதையும் சரின்னு சொல்லுச்சு. பத்து மணிக்கு மேல நடத்தறவங்களைக் காட்டிக்கொடுத்தா அரசாங்கம் சன்மானம் தந்தது; இதையே தொழிலாக் கொண்டவங்களும் இருந்தாங்க. பிள்ளையைப் பத்து மணிவரை வகுப்புல உட்கார வச்சுட்டு, பன்னிரண்டுக்கு மேல ஏண்டா ஆடறேன்னு கேட்ட நாடு அது.

படிச்சுட்டு எங்க வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வர அஞ்சு. ஆறிலிருந்து ஒன்பது டியூஷன். குளிச்சு சாப்பிட்டு எழுந்தா பத்து. பத்தரைக்கு நான் ரவுட்டர்கிட்ட நிக்கறேன்.

நேத்து சும்மா கேட்டேன், "ஏண்டா, ராத்திரிதான் ஆடணுமா?"

"அப்பா, அப்பதாம்ப்பா எல்லாரும் ஃப்ரீயா இருப்பானுங்க"ன்னான்.

ரவுட்டரை இன்னும் அணைச்சுக்கிட்டுதான் இருக்கேன். வாரத்துல ரெண்டு நாள் டியூஷனைக் குறைக்கலாமான்னு வீட்ல பேச்சு ஓடுது. தங்கமணி ஒத்துக்கற மாதிரி தெரியலை :-) உங்க வீட்ல எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.