வீடும் மருத்துவச் செலவும்: கனடாவின் வடபுலம் குறித்து ஒரு வாதம்

கனடாவின் மூன்று வட ஆட்சிப்புலங்களுள் இளையது நுனவுட். 1999 ஏப்ரல் 1 அன்று அது தனி ஆட்சிப்புலமானது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதனுடையது. ஆனால் 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் 36,858 பேர்தான். பெரும்பான்மையோர் இனுயிட் மக்கள். மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊரையும் மற்றோர் ஊரையும் இணைக்கும் சாலை கிடையாது. டொரொன்டோவை வைத்தே கனடாவை அறிந்திருக்கும் தமிழ் வாசகருக்கு இது வேறொரு நாடாகவே தோன்றும்.

தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், கனடாவில் மருத்துவத்துக்கு மிக அதிகம் செலவழியும் இடம் நுனவுட். அந்தத் தொகை தேசிய சராசரியைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆயினும் நுனவுட் உள்ளிட்ட இனுயிட் தாயகப் பகுதிகளில் வாழ்நாள் எதிர்பார்ப்பு, பழங்குடியினர் அல்லாத கனடியர்களுடையதைவிடச் சுமார் பத்து ஆண்டு குறைவு. இவ்வளவு செலவழித்தும் ஏன் இப்படி என்று கேட்டால், தொலைவுதான் காரணம் என்ற விடையே வழக்கமாக வருகிறது. அந்த விடை பாதிதான் சரி. தொலைவு நோயை உண்டாக்குவதில்லை. வந்த நோயின் விலையைப் பல மடங்காக்குகிறது. நோயை உண்டாக்குபவை வீடு, உணவு, வருவாய் ஆகியவை. இந்தச் சமூகக் காரணிகளில் செய்யும் முதலீட்டை மருத்துவச் செலவின் ஒரு பகுதியாகவே கணக்கில் எழுத வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த முதலீடு உடனடியாகப் பணத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லி அதற்கு ஆதரவு தேடுவது பிழை என்பது வாதத்தின் மறுபாதி.

முதலில் விலை எப்படிப் பெருகுகிறது என்று பார்ப்போம். சிற்றூர்களில் இருப்பது செவிலியர் நடத்தும் சுகாதார நிலையம். மருத்துவர் அவ்வப்போது வந்துபோவார். ஆட்சிப்புலத்தின் ஒரே பொது மருத்துவமனை தலைநகர் இக்காலுயிட்டில் இருக்கிறது. அங்கும் முடியாத சிகிச்சைக்குக் கிழக்குப் பகுதியினர் சுமார் 2,000 கிலோமீட்டர் தெற்கே ஒட்டாவாவுக்கும், நடுப்பகுதியினர் வின்னிபெக்குக்கும், மேற்குப் பகுதியினர் யெல்லோநைஃபுக்கோ எட்மன்டனுக்கோ பறந்தாக வேண்டும். குழந்தையை அனுப்பினால் துணைக்கு ஒருவரும் போக வேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் தர வேண்டும். கர்ப்பிணிகள் பலர் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தெற்கில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்தால் காரில் பத்து நிமிடத்தில் மருத்துவமனை. இங்கே அதற்கு ஒரு விமானம் புறப்பட வேண்டும். ஆகவே தடுக்கப்படும் ஒவ்வொரு நோயும் தெற்கைவிட வடக்கில் அதிக மதிப்புள்ளது. பொதுவான பொருளாதார ஆய்வுகளில் இது போதிய கவனம் பெறுவதில்லை.

அந்தக் குழந்தைக்கு மூச்சுத்திணறல் ஏன் வந்தது? தாமஸ் கொவேசியும் உடன் ஆய்ந்தோரும் பாஃபின் வட்டாரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட இனுயிட் குழந்தைகள் வாழும் 49 வீடுகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். வீட்டுக்குச் சராசரியாக ஆறு பேர். கரியமிலவாயு பத்து லட்சத்தில் 1,358 பங்கு. 1,000க்கு மேல் போனால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் புகைபிடிப்போர் இருந்தனர். ஆட்கள் நெருக்கமாகவும் காற்றோட்டம் குறைவாகவும் இருந்த வீடுகளில் குழந்தைகளின் நுரையீரல் தொற்று அதிகமாக இருந்தது. குளிருக்காக இறுக அடைத்துக் கட்டப்பட்ட சிறிய வீடு, இடமின்மையால் ஒரே கூரைக்கடியில் மூன்று தலைமுறை, வெளியே போக வழியில்லாத காற்று: நோய்க்கு வேறென்ன வேண்டும்? 2021 கணக்கெடுப்பின்போதும் இனுயிட் தாயகப் பகுதிகளில் வாழும் இனுயிட் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நெரிசலான வீடுகளில்தான் இருந்தனர்.

காசநோயில் இந்தத் தொடர்பு இன்னும் கொடுமையாகத் தெரிகிறது. கனடாவில் பிறந்த, பழங்குடியினர் அல்லாதோரோடு ஒப்பிட்டால், தாயகப் பகுதி இனுயிட் மக்களிடையே இந்நோயின் வீதம் ஏறத்தாழ 300 மடங்கு என்று 2018இல் அரசே ஒப்புக்கொண்டது. காற்றில் பரவும் நோய்க்கு நெரிசலான அறையைவிட வசதியான இடம் ஏது? ஒருவருக்கு நோய் உறுதியானால் வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் மருந்து தர வேண்டும். நோயாளி அதை விழுங்குவதைச் செவிலியர் கண்ணால் காண வேண்டும். நால்வர் உள்ள வீட்டில் மூவரோடு முடியும் வேலை, பத்துப் பேர் உள்ள வீட்டில் ஒன்பது பேருக்கு நீள்கிறது. பாங்னிர்டுங் ஊரில் 2021 நவம்பரில் காசநோய்ப் பரவல் அறிவிக்கப்பட்டபோதும் வீட்டுப் பற்றாக்குறையைப் பற்றித்தான் அங்குள்ளவர்கள் பேசினார்கள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் சி. டி. ஹோ என்ற கப்பல் கிழக்கு ஆர்க்டிக் கரையோரமாகச் சென்று மக்களுக்கு எக்ஸ்ரே எடுத்தது. நோய் கண்டவர்கள் பலர் கரைக்குத் திரும்பி விடைபெறக்கூட இயலாமல் தெற்கிலிருந்த காசநோய் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1956இல் இனுயிட் மக்களில் ஏழில் ஒருவர் அப்படித் தெற்கில் படுக்கையில் இருந்தார். சிலர் ஊர் திரும்பவே இல்லை. எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதும் குடும்பத்தாருக்குத் தெரியவில்லை. 2019 மார்ச் 8 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இக்காலுயிட்டில் இதற்காக மன்னிப்புக் கேட்டார். அதே காலத்தில் நாடோடி வாழ்விலிருந்து நிலையான ஊர்களுக்குக் குடியேற்றப்பட்ட மக்களுக்குக் கிடைத்தவை சிறிய, போதாத எண்ணிக்கையிலான வீடுகள். மருத்துவமனைப் படுக்கைக்குத் தாராளமாகச் செலவழிப்பது, வீட்டுக்கு இறுக்கிப் பிடிப்பது என்ற அந்தப் பழக்கத்தின் வட்டியைத்தான் இன்றைய சுகாதாரத் துறை கட்டிக்கொண்டிருக்கிறது.

உணவுக்கு வருவோம். 2017-18இல் நுனவுட் குடும்பங்களில் 57 விழுக்காடு உணவுப் பாதுகாப்பின்றி இருந்தன. அதன் மருத்துவ விலையை வலேரி டராசக்கின் குழு ஒன்டாரியோவில் கணக்கிட்டது. 18 முதல் 64 வயதுவரை உள்ள 67,033 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, கடுமையான உணவுப் பற்றாக்குறையில் வாழ்வோரின் மருத்துவச் செலவு, மருந்துச் செலவையும் சேர்த்தால், மற்றவர்களுடையதைவிட 121 விழுக்காடு அதிகம். நோயே வறுமையைக் கொண்டுவந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பற்றாக்குறை கூடக்கூடச் செலவும் படிப்படியாக ஏறுவதை வெறும் தற்செயலாகக் கொள்வது கடினம். இது சாலைகள் உள்ள ஒன்டாரியோவின் கணக்கு என்பதையும் மறக்கலாகாது. விமானப் பயணத்தையும் சேர்க்க வேண்டிய வடக்கில் இடைவெளி இன்னும் அகலும் என்றே கருதுகிறேன்.

இனி என் வாதத்துக்கு எதிரான சான்று. கொவேசி குழு 2009இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. இனுயிட் குழந்தைகள் வாழும் வீடுகளில் சிலவற்றில் வெப்பம் வீணாகாமல் காற்றை மாற்றும் கருவியைப் பொருத்தினார்கள். மற்றவற்றில் இயங்காத கருவியை வைத்தார்கள். உண்மையான கருவி இருந்த வீடுகளில் காற்று மேம்பட்டது. குழந்தைகளின் மூச்சிரைப்பும் மூக்கொழுக்கும் குறைந்தன. ஆனால் சுகாதார நிலையத்துக்கு வருகை குறையவில்லை. குழந்தைக்கு நலம், கணக்குப் புத்தகத்தில் மாற்றமில்லை. நாள்பட்டு வீடின்றி இருந்த மனநோயாளிகளுக்கு வின்னிபெக் உட்பட ஐந்து நகரங்களில் வீடு தந்து பார்த்த திட்டமும் இதையே வேறு விதமாகச் சொன்னது. மிக அதிகச் செலவு வைத்த பத்து விழுக்காட்டினரிடம், செலவழித்த ஒவ்வொரு 10 டாலருக்கும் 21.72 டாலர் மிஞ்சியது. பங்கேற்றோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் போட்ட பணம் முழுதும் திரும்பவில்லை.

இவற்றை மறைத்துவிட்டுச் சமூக முதலீட்டுக்காக வாதாடுவது நேர்மையல்ல. வடக்கின் செலவில் பெரும்பகுதி நிலையானது. நோயாளி இருவர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் சுகாதார நிலையம் திறந்திருக்க வேண்டும். செவிலியருக்குச் சம்பளமும் குடியிருப்பும் தர வேண்டும். அந்தச் செலவு குறையாது. குறையக்கூடியவை அவசர விமானங்கள், ஒட்டாவாவிலும் வின்னிபெக்கிலும் எடுக்கும் படுக்கைகள், காசநோய்க்கான மாதக்கணக்கான உழைப்பு. அவையும் மெதுவாகவே குறையும். மனிடோபாவின் டாஃபின் நகரில் 1970களின் நடுவில் குடும்பங்களுக்கு உறுதி வருவாய் வழங்கப்பட்டபோது மருத்துவமனைச் சேர்க்கை 8.5 விழுக்காடு குறைந்ததை ஈவ்லின் ஃபோர்ஜே பிற்காலத்தில் பழைய பதிவுகளிலிருந்து கண்டறிந்தார். திட்டம் நடந்த காலத்தில் அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு ஒருவருக்கும் பொறுப்பில்லை என்பதே நுனவுட்டின் இன்றைய சிக்கலும். வீடு கட்டுவது நுனவுட் வீட்டுவசதிக் கழகம். விமானத்துக்கும் படுக்கைக்கும் பணம் தருவது சுகாதாரத் துறை. பயணச் செலவில் ஒரு பங்கை ஏற்பது ஒட்டாவாவின் நடுவண் அரசு. வீட்டுக்கு ஒருவர் செலவழித்தால் மிச்சம் இன்னொருவர் பையில் சேர்கிறது. நடுவண் அரசின் 2018 நிதிநிலை அறிக்கை இனுயிட் பகுதிகளில் காசநோயை ஒழிக்க ஐந்தாண்டுகளுக்கு 2.75 கோடி டாலர் ஒதுக்கியது. 2030க்குள் ஒழிப்பதே இலக்கு. வீடுகளுக்கான பணமோ வேறு தலைப்பில், வேறு பேரத்தில் முடிவாகிறது. 2030க்குள் 3,000 வீடுகள் என்ற நுனவுட் அரசின் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டு இலக்குகளுக்கும் ஆண்டு ஒன்றே. கணக்கும் ஒன்றாக வேண்டும். ஒவ்வொரு வீட்டுத் திட்டத்தோடும் அந்த ஊரின் அவசர விமானங்களையும் காசநோய்த் தொற்றுகளையும் பத்தாண்டுக்குத் தொடர்ந்து பதிவுசெய்ய வேண்டும். ஓராண்டு நிதிநிலை அறிக்கையை வைத்து இந்த முதலீட்டை அளப்பது, நட்ட தென்னையை மறுமாதமே காய்க்கவில்லை என்று வெட்டுவதற்கு ஒப்பு.

வடக்கின் ஊர்களுக்குக் கட்டுமானப் பொருள்கள் கப்பலில்தான் வருகின்றன. கடல் உறைந்திராத ஜூலை முதல் அக்டோபர் வரை மட்டுமே கப்பல் வர முடியும். இந்தக் கோடையில் ஏற்றப்படாத மரமும் குழாயும் அடுத்த கோடைக்குத்தான் வரும். இடையில் பிறக்கும் குழந்தை அதே நெரிசலான வீட்டில்தான் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும்.