புத்தகத்துக்குச் சங்கிலி

நான் படிச்ச இஞ்சினியரிங் காலேஜ்ல (பேரு வேணாமே) லைப்ரரி பெருசு. ஆனா நல்ல புத்தகம் எல்லாம் கண்ணாடி பீரோவுக்குள்ள, பூட்டு போட்டு இருக்கும். சீட்டுல பேரை எழுதிக் கொடுத்துட்டு கவுண்டர்ல நிக்கணும். கால் மணி நேரம் கழிச்சு "அது இல்லப்பா"ன்னு பதில் வரும். பீரோவுக்குள்ள அந்தப் புத்தகம் நம்மளப் பார்த்துச் சிரிச்சிட்டு இருக்கும். சாயந்திரம் கிளாஸ் முடிஞ்சு ஓடினா கதவைச் சாத்திட்டு இருப்பாங்க. "பசங்களுக்குப் படிக்கிற பழக்கமே இல்ல"ன்னு வாத்தியார்கள் திட்டுவாங்க. நானும் அதை உண்மைன்னே நம்பினேன்.

இந்தக் கொசுவத்தி எதுக்குன்னா, எஸ்.ஆர்.ரங்கநாதன் பத்திப் படிச்சிட்டு இருந்தேன். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரா சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாள்லயே அந்தத் தனிமை தாங்காம, பழைய வேலைக்கே திரும்பிடுறேன்னு கல்லூரி முதல்வர்கிட்ட போய் நின்னாராம். "முதல்ல லண்டன் போய் படிச்சிட்டு வா, அப்பவும் பிடிக்கலைன்னா பார்க்கலாம்"னு அனுப்பி வச்சிருக்காங்க.

அங்கே நூலகங்களைச் சுத்திப் பார்த்தார். தொழிலாளி, பெண்கள், குழந்தைகள்னு எல்லாரும் வந்து போறதைப் பார்த்ததும் மனசு மாறிடுச்சு. மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்துதான் கோலன் பகுப்பு முறைக்கு யோசனை வந்ததுன்னு சொல்வாங்க. அதே துண்டுகளை மாத்தி மாத்திப் பூட்டினா புதுப்புது பொம்மை வருமில்லையா, அந்த மாதிரி. (நம்ம பாஷையில சொன்னா, மாட்யூலர் டிசைன்!)

1925-ல் திரும்பி வந்ததும் செஞ்ச முக்கியமான வேலை, அலமாரிகளைத் திறந்து விட்டது. மாணவர்கள் தாங்களே உள்ளே போய் எடுத்துப் பார்க்கலாம். திறந்திருக்கிற நேரத்தைக் கூட்டினார். வர்றவங்களுக்கு உதவி பண்ணவே ஆள் போட்டார்.

1931-ல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமா வந்தது. புத்தகம் பயன்படுத்தத்தான், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர். 'இதுல என்ன பெருசா இருக்கு?'ன்னுதான் முதல்ல நானும் நினைச்சேன். முதல் விதிக்கு அவர் சொல்ற உதாரணத்தைப் பார்த்ததும்தான் உறைச்சது. பழைய ஐரோப்பிய நூலகங்கள்ல புத்தகத்தை அலமாரியோட சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருப்பாங்களாம். புத்தகத்தைப் பாதுகாக்கிறதுதான் வேலைன்னு நினைச்ச காலம் அது. எங்க காலேஜ்ல சங்கிலிக்குப் பதிலா பூட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலாவது விதியை எங்க கவுண்டருக்குப் போட்டுப் பாருங்க. நாலு வருஷம் சீட்டு எழுதிக் கொடுத்துட்டு நின்ன நேரத்தை யார் கணக்குல எழுதறது? மாணவன் நூலகத்துக்கு வரலைன்னா கேள்வியை மாணவன்கிட்ட கேக்காதே, நூலகத்துக்கிட்ட கேளுன்னுதான் இந்த அஞ்சு விதியையும் நான் புரிஞ்சுக்கிறேன்.

ரங்கநாதன் 20 வருஷம் அங்கே இருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்ததுக்கும் அவர் உழைப்பு முக்கியக் காரணம். அதே சென்னையிலிருந்து கூப்பிடு தூரத்துலதான் எங்க காலேஜும் இருந்தது.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து, முதல் தடவையா ஒரு நூலகத்துல அலமாரிக்கு நடுவுல நானே நடந்து போய் புத்தகம் எடுத்தப்ப, அந்த ஒரே மாசத்துல காலேஜ்ல நாலு வருஷம் படிச்சதை விட அதிகமா படிச்சேன். பழக்கம் இல்லாத பையன் இல்ல போல நான்.