அளவை: நெற்களத்துச் சொல் கடவுளிடம் வந்த கதை

கடவுள் உண்டென்பதற்கு என்ன ஆதாரம் என்று இன்று கேட்கிறோம். பழைய தமிழ் நூல்கள் அந்த ஆதாரத்துக்கு இட்ட பெயர் அளவை. நெல் அளக்கும் அதே சொல்தான். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. குறுணிக்கு மரக்கால் என்றும் பெயர். ஊருக்கு ஊர் மரக்கால் மாறியதால், எந்த மரக்கால் என்று சொல்லாத கணக்கு செல்லாது. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். கூத்தாடும் இறைவனின் பெயரே அளக்கும் கருவிக்கும்!

வடமொழிப் பிரமாணத்துக்கும் அளத்தலே வேர். மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். அதே காதையில் வரும் பூதவாதிக்குக் கண்ணால் காண்பது ஒன்றே போதும். மணிமேகலை அவனை மடக்குகிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய்? அந்தக் கேள்விக்கு இன்றும் வலு குறையவில்லை.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில், இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவையைத்தான் பேசுகிறார். பத்தையும் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகிறார். குடத்தைக் கண்டு குயவனை உணர்வதுபோல் உலகைக் கண்டு ஆக்கியவனை உணர்வது கருதல். அத்தோடு அவர் நிற்கவில்லை. பொறிகளால் காண்பது, மனத்தால் காண்பது, தன் இன்பதுன்பத்தைத் தானே உணரும் தன்வேதனை, யோகத்தில் காண்பது எனக் காண்டலையே நான்காக்குகிறார். கருதலிலும் தன்பொருட்டு, பிறர்பொருட்டு என்று இரண்டு.

இந்தக் கடைசிப் பிரிவை நான் பெரிதும் மதிக்கிறேன். தனக்கு உறுதிப்பட்டது வேறு, பிறருக்கு நிறுவிக் காட்டுவது வேறு என்பதை ஒரு பக்தரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். பூசையறையில் ஒருவர் உணர்ந்தது அவருக்குப் பொய்யல்ல. ஆனால் அதை வைத்து அடுத்தவரை ஒப்பச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்பவரும் பூதவாதிக்கு எழுந்த கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

தருக்க நூலை இன்றும் அளவையியல் என்றே சொல்கிறோம். கடவுளைப் பற்றி வாதிட உட்காருபவர்கள், உண்டு என்றாலும் இல்லை என்றாலும், தம் அளவை எது என்பதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.