குதிரையும் உப்பும்: பாண்டிய நாட்டுப் பரி வணிகம் பற்றிய ஒரு மறுநோக்கு

தமிழகப் பொருளியல் வரலாற்றை எழுதியோர் குதிரை இறக்குமதி பற்றிப் பேசிய அளவுக்குக் குதிரையின் தீனி பற்றிப் பேசினாரல்லர். குதிரை அரசனது படைக்கு உரியது. தீனியோ இலாயத்தில் உழைத்தவனது கைக்கு உரியது. வரலாற்றாசிரியரின் பார்வை எப்பக்கம் நின்றது என்பதை இவ்வேறுபாடே காட்டிவிடும். 13ஆம் நூற்றாண்டிற் பாண்டிய நாட்டுத் துறைகளில் வந்திறங்கிய குதிரைகள் ஏன் நீடித்து வாழவில்லை என்ற பழைய வினாவை, குதிரையின் உணவில் உப்புப் பெறும் இடத்தை அடிப்படையாகக் கொண்டு மீள நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே காவிரிப்பூம்பட்டினத்து வளங்களுள் ஒன்றாகக் கூறுகின்றது. எனினும், இவ்வணிகத்தின் உச்சநிலையை நாம் காண்பது பிற்காலப் பாண்டியர் ஆட்சியிலேயே. பாரசீக வரலாற்றாசிரியரான வஸ்ஸாப் தரும் கணக்கு தெளிவானது. கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் பாண்டிய நாட்டில் இறக்கப்படவேண்டுமென உடன்பாடு இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியிற் குதிரை இறப்பினும் அதன் விலையை அரச பண்டாரமே செலுத்தவேண்டும். கி.பி. 1260இல் இறந்த பார்சு ஆட்சியாளர் அபூபக்கரின் காலத்தில், இந்தியத் துறைகளுக்கு அனுப்பப்பட்ட குதிரைகள் ஆண்டொன்றுக்கு 10,000 எனவும், அவற்றின் மொத்த விலை 22 இலட்சம் தினார் எனவும் அவர் குறிக்கின்றார்.

1290களின் தொடக்கத்தில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, பாண்டிய அரசனும் அவனது உடன்பிறந்தார் நால்வரும் தனித்தனியே ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினரென்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லையென்றும் எழுதினார். அவர் கூறும் காரணம் அறியாமை: இந்நாட்டார்க்குக் குதிரை பேணத் தெரியாது, வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் அதற்கு ஊட்டுகின்றனர். வஸ்ஸாப்பும், பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசுப்பாலும் கொடுக்கப்பட்டதை வியப்புடன் குறிப்பிடுகின்றார். பின்வந்தோர் பலர் இக்கூற்றுகளை வினாவின்றி ஏற்றுக்கொண்டனர். ‘சுதேசிகளின் அறியாமை’ என்னும் விளக்கம் காலனித்துவ வரலாற்றெழுத்துக்கு உவப்பானதாக இருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இவ்விளக்கத்தை மதிப்பிடுவதற்குக் குதிரையின் உடலியல்பை அறிதல் அவசியமாகும். மனித வியர்வை இரத்தத்தைவிட உப்புச்செறிவு குறைந்தது. குதிரையின் வியர்வையோ இரத்தத்துக்கு நிகரான, சிலவேளை அதனினும் மிகுந்த, உப்புச்செறிவு உடையது. சோடியம், குளோரைட்டு, பொற்றாசியம் ஆகிய மின்பகுபொருள்கள் இலீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் வீதம் அதனுடன் வெளியேறுகின்றன. வெப்பமும் ஈரலிப்பும் மிக்க சூழலிற் கடுமையாக உழைக்கும் குதிரை மணிக்கு 10 முதல் 15 இலீற்றர் வரை வியர்க்கக்கூடும். வறண்ட காற்றில் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கும்; கரையோரத்தின் ஈரக்காற்றில் அது ஆவியாகாது சொட்டி வீழ்கின்றது. உடல் குளிராதவிடத்துக் குதிரை மேலும் வியர்க்கின்றது. மேலும் உப்பை இழக்கின்றது.

பிறிதொன்றும் உண்டு. மனிதன் வியர்க்கும்போது அவனது இரத்தத்தின் செறிவு உயர்கின்றது. அதுவே தாகத்தைத் தூண்டுகின்றது. குதிரை நீரோடு உப்பையும் இழந்துவிடுவதால் அத்தூண்டுதல் மழுங்கிவிடுகின்றது. உடல் வறண்ட குதிரை தொட்டியின் முன் நின்றும் நீர் அருந்தாதிருப்பது இதனாலேயே. அதற்கு வேண்டியது நீர் மட்டுமன்று, உப்பும் ஆகும். புல்லிற் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வாற்கோதுமையாயினும் அரிசியாயினும் தானியம் எதிலும் சோடியம் சொற்பமே. ஆகவே, அரேபியத் தீனி சிறந்தது, தமிழ்நாட்டுத் தீனி இழிந்தது என்ற ஒப்பீடு இவ்விடயத்திற் பொருளற்றது. தீனியோடு உப்புச் சேர்க்கப்பட்டதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இவ்வறிவு இத்துணைக்கண்டத்தில் இருந்ததா? அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் வரும் குதிரை அத்தியட்சன் பற்றிய பகுதி இதற்கு விடையளிக்கின்றது. உயர்ந்த குதிரைக்குரிய நாளாந்தப் படியாக அது தானியத்தோடு ஒரு பிரஸ்தம் நெய்ப்புப்பொருளையும், ஐம்பது பலம் இறைச்சியையும், ஐந்து பலம் உப்பையும் விதிக்கின்றது. தீனிக் கவளத்தை நனைக்கச் சாறோ தயிரோ சேர்க்கவும் கூறுகின்றது. பருவத்துக்கேற்ப உணவை வகுத்தல் குதிரை மருத்துவரின் கடமை. ஒரு பலத்தை 35 முதல் 40 கிராம் எனக் கொண்டால் ஐந்து பலம் 175 முதல் 200 கிராம் ஆகும். 500 கிலோகிராம் எடையுள்ள குதிரை உழைக்காதிருக்கும் நாளில் அதற்கு வேண்டிய சோடியம் ஏறத்தாழ 10 கிராம் என்பது இன்றைய கணிப்பு. இது 25 கிராம் சாதாரண உப்புக்குச் சமம். அர்த்தசாத்திரம் விதிக்கும் அளவு இதைப்போல் ஏழெட்டு மடங்கு. வெயிலில் நன்கு வியர்த்து உழைத்த குதிரைக்கன்றி வேறெதற்கும் இவ்வளவு வேண்டியதில்லை. போலோ இகழ்ந்த இறைச்சியும் வஸ்ஸாப் வியந்த நெய்யும் பாலும் அறியாமையின் விளைவுகளல்ல. பழைய விதிமரபு ஒன்றன் கூறுகள் என்பதும் இதனாற் பெறப்படும்.

அர்த்தசாத்திரம் விதிநூல், பாண்டியரது இலாயத்தின் கணக்கேடு அன்று. அதன் விதிகள் மதுரையில் அப்படியே பின்பற்றப்பட்டன என நாம் வாதிடவில்லை. உப்புக் குறைவே குதிரைகளைக் கொன்றது எனவும் கூறவில்லை. 1880இற் கிரிபித் எவன்ஸ் பஞ்சாப்பிற் கண்டறிந்த ‘சுர்ரா’ நோய்க்கிருமி போன்றவை, எத்துணை அறிவுடைய பராமரிப்பையும் தோற்கடிக்கக்கூடியன. நாம் வலியுறுத்துவது இதுவே: அறிவின்மை என்ற ஒற்றை விளக்கம் சான்றுகளோடு பொருந்தவில்லை. அறிவு எவரிடம் இருந்தது, அது எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குள் இயங்கியது என்பதே உண்மையான பிரச்சினை.

அந்நூலே இதற்கு வழிகாட்டுகின்றது. கடிவாளம் பிடிப்போர், குதிரை கட்டுவோர், புல் கொணர்வோர், தீனி சமைப்போர், இலாயம் காப்போர் எனப் பணியாளரை அது வரிசைப்படுத்துகின்றது. கடமை தவறின் அன்றைய கூலியை வெட்டவேண்டுமென்கின்றது. உப்பைக் கையால் அளந்து இட்டவன் அறிவின் உடைமையாளனாகத் தோன்றவில்லை. கூலி வெட்டப்படத்தக்கவனாகவே தோன்றுகின்றான். உப்பு அரசின் கட்டுப்பாட்டுப் பொருள். வேதியரும் தவசியரும், தமிழ்க் கல்வெட்டுகள் ‘வெட்டி’ எனக் கூறும் கட்டாய உழைப்பைச் செய்தோரும், உணவுக்கான உப்பை வரியின்றி எடுக்கலாம் என அந்நூல் கூறுகின்றது. வெட்டி உழைப்பாளிக்குக் கூலி இல்லை. உப்பு மட்டும் உண்டு. உழைக்கும் உடலுக்கு, அது மனித உடலாயினும் குதிரையுடலாயினும், உப்பின்றி இயங்கவியலாது என்பதை அரசு நன்கறிந்திருந்தது. தமிழகத்திலும் உப்புக் கடமை எல்லார்மீதும் ஒரேமாதிரி விழவில்லை. பல்லவன் சிவஸ்கந்தவர்மனின் ஹிரஹடகள்ளிச் செப்பேடு பிராமணர் பெற்ற கொடைக்கு வழங்கிய விலக்குகளுள் உப்புத் தொடர்பானதும் ஒன்று. விலக்குப் பெறாத ஊர்களே அச்சுமையைத் தாங்கின.

வணிகரின் பங்கையும் மறத்தலாகாது. குதிரை மருத்துவர் எவரையும் வணிகர் அழைத்துவருவதில்லை, செல்வோரையும் தடுத்தனர், குதிரைகள் இறந்தாற்றான் விற்பனை தொடரும் என்கின்றார் போலோ. அறியாமையைச் சாடிய அவரே, அவ்வறியாமை இலாபத்துக்காகப் பேணப்பட்டது என்பதற்கும் சாட்சியாகின்றார். கடலில் இறந்த குதிரைக்கும் விலை உறுதிசெய்யப்பட்ட வணிகத்தில், குதிரையின் உயிருக்கு வணிகன் பொறுப்பாளியல்லன்.

விலையைச் செலுத்தியவர் யார்? கோயில் நிலங்களின் மிகை வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர் மீதான வரியிலிருந்தும் அது செலுத்தப்பட்டது என்கின்றார் வஸ்ஸாப். மாணிக்கவாசகர் கதை இதன் மறுதலையாக அமைவது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அங்குக் குதிரை வாங்க அரசன் கொடுத்த பொன் கோயிலுக்குச் சென்றது. வஸ்ஸாப்பின் கணக்கிற் கோயிற் பொன் குதிரைக்குச் சென்றது. பரிகள் நரிகளாகி ஓட, விடியலில் வெறுமையாகும் இலாயத்தைத் திருவிளையாடற் புராணம் இறைவனின் ஆடலாகக் கண்டது. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் கண்முன்னே மறைந்துபோன சமூக அனுபவத்தின் சாயல் அதிற் படிந்திருக்கலாம் என்பது எமது ஊகம். கோயிலுக்கும் பண்டாரத்துக்கும் இடையே பொன் எத்திசையிற் சென்றாலும், அது உழவனின் விளைச்சலிலிருந்தே பிறந்தது.

1992ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கிற் குதிரைகள் வெப்பத்தால் வருந்தியதன் பின், 1996இன் அத்லாண்டாப் போட்டிகளை முன்னிட்டு, குதிரையின் வியர்வை, வெப்பச்சுமை பற்றி விரிவான ஆய்வுகள் நடைபெற்றன. அவற்றை நடத்தியோரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. தீனித் தொட்டியில் ஐந்து பலம் உப்பை இட்டவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. குதிரை வாங்கிய மன்னரின் மெய்க்கீர்த்திகளைப் படிக்கும் நாம், அக்குதிரையை ஒரு பகலேனும் உயிரோடு வைத்திருந்த கைகளையும் வரலாற்றுக்குள் கொண்டுவருதல் வேண்டும்.