மலையகமும் பௌதிகவியற் பட்டமும் - ஒரு வரலாற்று நோக்கு

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கீழே, கெகெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அணையினால் அறியப்படும் சிற்றூர் நோட்டன் பிரிட்ஜ். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இங்கு மறிக்கப்படும் நீர் மலையைக் குடைந்து சென்று, ஏறக்குறைய 450 மீற்றர் கீழே அமைந்துள்ள பழைய லக்சபான மின்நிலையத்தின் பெல்ற்றன் சுழலிகளைச் சுழற்றுகின்றது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இதனைக் கணித்துப் பார்க்கலாம். ஒரு கன மீற்றர் நீரின் திணிவு 1000 கிலோகிராம். அது 450 மீற்றர் விழும்போது இழக்கும் அழுத்தசக்தி ஏறத்தாழ 44 இலட்சம் யூல். அதாவது இழப்புக்களைக் கருதாதுவிடின், மின்பட்டியலிற் காணும் அலகுகளில் ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. பௌதிகவியலின் பாலபாடமாகிய சக்திக் காப்பு விதிக்கு இதனைவிடச் சிறந்த செய்முறைக் கூடம் இலங்கையில் அரிது. ஆயினும், இக்கூடத்தின் வாயிலிலே பிறந்து வளர்ந்த தோட்டப் பிள்ளைகள் பௌதிகவியற் பட்டத்தைக் குறித்துச் சிந்திக்கவும் வழியின்றி நெடுங்காலம் இருந்தனர் என்பதே வரலாறு.

இந்நீர்வலுத் திட்டத்தின் மூலவர் டி. ஜே. விமலசுரேந்திர ஆவார். 1918ஆம் ஆண்டிலே இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரை, இம்மலையாறுகளின் வலுவைக் கணக்கிட்டுக் காட்டியது. தொடங்கிய வேலை இடைநின்று, 1950ஆம் ஆண்டிலேயே லக்சபான மின்நிலையம் இயங்கலாயிற்று. 1965இல் நோட்டன் பிரிட்ஜில் எழுந்த 50 மெகாவாற்று மின்நிலையம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. இங்கு பிறந்த மின்னோட்டம் கொழும்பின் வீதிகளை ஒளிபெறச் செய்தது. அதே மலைச்சரிவுகளிலுள்ள லயன் அறைகளிற் பலவற்றிலோ, பல தசாப்தங்கள் பிந்தியும் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பிள்ளைகள் படிக்கும் வெளிச்சமும் அதுவே.

பட்டத்தின் பக்கத்தை நோக்குவோம். 1921இற் கொழும்பிலே தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே பட்டம் இந்நாட்டினதாயிற்று. பௌதிகவியற் பேராசிரியராக ஏ. டபிள்யூ. மயில்வாகனமும், கணிதப் பேராசிரியராக, கேம்பிரிட்ஜிலே டிராக்கின் வழிகாட்டலில் இலத்திரன் கொள்கை பற்றி ஆராய்ந்த சி. ஜே. எலியேசரும் அங்கு பணியாற்றினர். உலகத் தரத்து அறிஞர் இருவரும் தமிழர் என்பது பெருமைக்குரியதே. எனினும் அவ்விரிவுரை மண்டபத்தில் அமரக்கூடிய தமிழ் மாணவன் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஆங்கிலக் கல்லூரியிற் பயின்றவனாக இருந்தானேயன்றித் தோட்டத்திலிருந்து வந்தவனாக இருந்தது மிக அரிது. பேராதனையில் விஞ்ஞான பீடம் 1961இல் அமைந்தபோது பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்வி மலைநாட்டின் வாயிலுக்கே வந்தது. வாயிலுக்கு வந்ததேயன்றி உள்ளே வரவில்லை.

இதற்கான காரணம் பல்கலைக்கழகத்தில் அன்று, தோட்டப் பாடசாலையிலேயே இருந்தது. 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் எழுத்தறிவைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கின. துரைமாருக்குத் தேவைப்பட்டது கொழுந்து பறிக்கும் கை, கணக்கிடும் மூளையன்று. ஆகவே ஓராசிரியர், ஓரறை, ஐந்தாம் வகுப்போடு முடியும் கல்வி என்னும் நிலையே பெரும்பாலும் நீடித்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1961இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பாடசாலைகளோ புறத்தே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுக்கும் வாக்குப் பலமும் அந்நாளில் இருக்கவில்லை. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான பின்னர், எழுபதுகளின் பிற்பகுதியிலேயே பாடசாலைகளின் பொறுப்பேற்பு முறையாகத் தொடங்கிற்று.

இக்காலத்திற்றான் பல்கலைக்கழக அனுமதியின் விதிகளும் மாறின. 1971இற் பௌதிக விஞ்ஞானப் பிரிவிற் சேரத் தமிழ்மொழி மூல மாணவர் 204 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 183 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. 1974இற் சனத்தொகை அடிப்படையிலான மாவட்டப் பங்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டமாகிய நுவரெலியாவுக்கு இதனால் நன்மை விளைந்திருக்கவேண்டும் எனலாம். ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்தைப் பெறுதற்கு முதலில் உயர்தர விஞ்ஞான வகுப்பில் ஒரு மாணவன் அமர்ந்திருத்தல் வேண்டும். அத்தகைய வகுப்பும், அதற்குரிய ஆய்வுகூடமும், கணிதம் கற்பிக்கும் பட்டதாரியும் நகரப் பாடசாலைகள் சிலவற்றிலேயே இருந்தமையால், மாவட்டத்தின் இடங்கள் தோட்டத்தின் இடங்களாகவில்லை. வசதிமிக்க பிற மாவட்டங்களிலிருந்து மாணவர் இங்கு வந்து பதிவுசெய்து தோற்றுகின்றனர் என்ற முறைப்பாடும் பின்னாளில் எழுந்தது. பங்கீடு பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வடக்கின் இழப்பையே கணக்கிடுகின்றனர். அதனால் மலையகம் பெறாது விட்டதைக் கணக்கிடுவோர் சிலரே.

மொழியும் ஒரு தடையாயிற்று. அறுபதுகளில் விஞ்ஞானக் கல்வி தாய்மொழிக்கு மாறியதும் இலங்கையில் ஒரு கலைச்சொற்றொகுதி உருவாயிற்று: திணிவு, ஆர்முடுகல், உந்தம், வலு. ஆனால் மலையக மாணவர் சிலரின் கைக்குக் கிட்டிய நூல்கள் தமிழகத்தவை. அங்கு முடுக்கம் எனப்படுவதே இங்கு ஆர்முடுகல். ‘நிறை’ என்னுஞ் சொல்லோ இன்னும் இடர் தருவது; இங்கு அது பூமி பொருளை ஈர்க்கும் விசையைக் குறிக்க, அங்கு திணிவையே குறிக்கும். நியூற்றனின் இரண்டாம் விதியை விளங்கிக்கொள்ள முயலும் பதினாறு வயது மாணவன், வழிகாட்ட ஆசிரியரின்றி இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் நேரும் குழப்பம் சிறிதன்று. இத்தனையும் கடந்து பல்கலைக்கழகம் புகுந்தால், அங்கு விஞ்ஞான விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மலையக மாணவனுக்குப் பௌதிகவியற் பட்டத்தைத் திட்டமிடல் என்பது பல்கலைக்கழகத்தில் தொடங்கும் காரியமன்று என்பது பெறப்படும். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, எப்பிரிவில் உயர்தரம் பயில்வது என்று முடிவு செய்யும் நாளிலேயே அது பாதி தீர்ந்துவிடுகின்றது. பௌதிகவியல் உயிரியற் பிரிவிலும் உண்டு; இணைந்த கணிதம் பௌதிக விஞ்ஞானப் பிரிவிலேயே உண்டு. வகையீட்டுச் சமன்பாடும் காவியும் அறியாதவன் மின்காந்தவியலையோ குவாண்டம் பொறிமுறையையோ தொட இயலாது. ஆகவே கணித ஆசிரியர் இல்லாத பாடசாலை, பௌதிகவியல் நன்கு கற்பிக்கப்படினும், பௌதிகவியற் பட்டத்துக்கான வழியை அடைத்துவிடுகின்றது. நோட்டன் பிரிட்ஜ் மாணவனுக்கு இதன் பொருள், பெரும்பாலும், ஹற்றன் வரை செல்லும் பஸ் செலவும் அங்கு தங்கும் செலவும் ஆகும். ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்றவற்றின் விஞ்ஞான வகுப்புக்கள் தோட்டப்புற மாணவர் பலருக்குப் படியாக அமைந்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

இதில் ஒரு நச்சு வட்டமும் உண்டு. ஆசிரியரின்மையால் விஞ்ஞான மாணவர் இலர். மாணவரின்மையாற் பட்டதாரிகள் இலர். பட்டதாரிகளின்மையால் ஆசிரியர் இலர். எண்பதுகளிற் சுவீடனின் உதவியுடன் தோட்டப் பாடசாலைக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் மேம்பட்டன. தொண்ணூறுகளில் ஜேர்மனியின் உதவியுடன் பத்தனையில் நிலைபெற்ற ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, மலையகத்துக்குரிய ஆசிரியரை மலையகத்திலேயே பயிற்றத் தொடங்கிற்று. கட்டடத்தைவிட இதுவே வட்டத்தை அறுத்த வாள் எனலாம்.

பல்கலைக்கழகம் புகுந்தோர் முன் இன்னுமொரு தேர்வு நிற்கின்றது. மூன்று பாடங்களைப் பயின்று மூன்றாண்டில் முடிக்கும் பொதுப் பட்டமா, பௌதிகவியலையே ஆழக் கற்று நான்காண்டில் முடிக்கும் சிறப்புப் பட்டமா என்பதே அது. இன்றைய தகைமைச் சட்டகத்தின்படி முன்னையது 90 திறமைப்புள்ளிகளும் பின்னையது 120 திறமைப்புள்ளிகளும் கொண்டது. ஆராய்ச்சிக்குச் செல்ல விரும்புவோன் சிறப்புப் பட்டத்தையே நாடவேண்டும். அதற்கு முதலாண்டிலிருந்தே கணிதப் பெறுபேறுகளைக் காத்தல் வேண்டும். ஆனால் நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு நான்காம் ஆண்டு என்பது 30 திறமைப்புள்ளிகள் மட்டுமன்று. தம்பியின் புத்தகச் செலவும் தங்கையின் சீருடையும் மேலும் ஓராண்டு காத்திருத்தலாகும். பொதுப் பட்டத்தோடு ஆசிரியராய்த் தம் ஊர்ப்புறப் பாடசாலைக்கே மீள்பவரும் உளர். அவர் கற்பிக்கும் வகுப்பறையின் யன்னலினூடே நோட்டன் அணை தெரியுமாயின், சக்திக் காப்பு விதிக்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.