பக்கவாத்தியத்தில் பழகிய தலைமை

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) வயலின் கற்றது மணலியில். இன்று ஆலைகளால் பெயர் பெற்றிருக்கும் அந்த ஊர், அன்று சங்கீதத்தை ஆதரித்த முதலியார் குடும்பத்தால் பெயர் பெற்றிருந்தது. அவர்கள் தயவில் ஐரோப்பியர் ஒருவரிடம் அவர் பாடம் கேட்டார். அந்த வாத்தியத்துக்குப் பிறந்த மண்ணில் அப்போதே இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, தனி வித்வானாக மேடையில் நிற்பது. மற்றொன்று, இசைக்குழுவின் முதல் நாற்காலியில் அமர்ந்து மற்ற வயலின்காரர்களை நடத்துவது. நம்மிடம் வந்தபோது இரண்டுமே அதற்கு உடனே கிடைக்கவில்லை. பாடகருக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு வயலின் கலைஞர்கள் பின்னாளில் தனிக் கச்சேரிக்கும் இசைக்குழுத் தலைமைக்கும் உயர்ந்ததை, அந்தப் பக்கவாத்திய இடத்திலிருந்து தப்பித்த கதையாகச் சொல்வது வழக்கம். அது சரியல்ல என்பது என் கட்சி. அவர்களைத் தலைமைக்குத் தயார் செய்ததே அந்த இடம்தான்.

பக்கவாத்தியக்காரர் செய்யும் வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றி, தந்திகளைப் பாடகரின் சுருதிக்கு ஸ-ப-ஸ-ப என்று கூட்டிக்கொள்கிறார். ஆலாபனையில் பாடகர் ஒரு சங்கதியை முடிப்பதற்குள் அதன் சாயல் வில்லில் வந்துவிட வேண்டும். அடுத்து எங்கே போகப் போகிறார் என்று முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. எழுதிவைத்த தாளும் கிடையாது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ராகம் அறுந்துவிடாமல் காக்க வேண்டும். பிறகு தன் முறை வரும்போது அதே ராகத்தைத் தன் மனோதர்மப்படி வாசிக்க வேண்டும். ஆனால் பாடகர் கட்டியதைக் குலைக்காமல். நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் இதே சோதனை இன்னும் வேகமாக நடக்கும். இது அடங்கிப் போகும் வேலை, தலைமைக்கு ஆணையிடும் குணம் வேண்டும் என்று சிலர் மறுக்கலாம். மேற்கத்திய இசைக்குழுவின் கான்சர்ட் மாஸ்டரைப் பாருங்கள். அவரும் நடத்துநரின் எண்ணத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். அந்த எண்ணத்தைத் தன் வில்லில் வாங்கி, பின்னால் இருப்பவர்களுக்குப் புரியும்படி வாசித்துக் காட்டுவதே அவருடைய தலைமை. பிறர் மனத்தைக் கேட்டு ஒலியாக்கத் தெரியாதவர் எந்தக் குழுவையும் நடத்த முடியாது.

இதற்குத் தெளிவான சான்று டி.கே. ஜெயராம ஐயர். பெரிய வித்வான்களுக்கு வாசித்துப் பழகிய அவர், 1952இல் டில்லி வானொலி நிலையத்தில் அகில இந்திய வானொலியின் இசைக்குழுவான வாத்ய விருந்தா தொடங்கியபோது, சிதார் மேதை ரவிசங்கரோடு அதை நடத்தும் பொறுப்பை ஏற்றார். பல வயலின்கள் ஒரே கமகத்தை ஒரே அளவில் அசைப்பது லேசான காரியமல்ல. ஒவ்வொருவர் பாணியும் வேறு. ஸ்வரத்தை எழுதிக் கொடுத்தாலும் அசைவை எழுதிக் கொடுக்க முடியாது. அதை வாசித்துக் காட்டியே ஒழுங்குபடுத்த வேண்டும். 1960இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. லால்குடி ஜெயராமன் இன்னொரு சான்று. அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி. என்று ஒருவருக்கொருவர் சற்றும் ஒவ்வாத பாணிகளுக்கு வாசித்தவர் அவர். 1966இல் என். ரமணியின் புல்லாங்குழலையும் ஆர். வெங்கட்ராமனின் வீணையையும் தன் வயலினோடு சேர்த்து ஒரே கச்சேரியாக்கினார். எந்த வாத்தியம் எப்போது விலக வேண்டும் என்ற கணக்கு, பாடகர்களுக்கு வழிவிட்டு வாசித்த அத்தனை வருடங்களில் கைவந்தது என்றே நான் கொள்கிறேன்.

குன்னக்குடி வைத்தியநாதன் 1976இல் பக்கவாத்தியம் வாசிப்பதையே நிறுத்தினாரே, அவர் வளர்ந்தது அதை உதறியதால்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சிறுவயதிலேயே அரியக்குடிக்கு வாசித்தவர் அவர்; நிறுத்துவதற்கு முன்பே ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்ற படங்களுக்கு இசையமைத்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு குழுவையே நடத்திவிட்டார். தனியாக வந்த பிறகும் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலைத் துணை வாத்தியமாக ஒதுக்காமல், சம பங்காளியாக முன்னால் நிறுத்தினார். அவர் உதறியது பக்கவாத்தியத்துக்குத் தரப்பட்ட தாழ்ந்த மரியாதையை. அதில் கற்றதை அல்ல. துவாரம் வெங்கடசாமி நாயுடு 1938இல் வேலூரில் தனிக் கச்சேரி வாசித்துப் புது வழி திறந்ததையும் அப்படியே பார்க்கிறேன்.

என் கட்சிக்கு உண்மையான சிக்கல் வி.எஸ். நரசிம்மன். அவர் பெயர் பெற்றது திரைப்பட இசைக்குழுவில், எழுதிய இசையைப் பார்த்து வாசித்து. இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ (1986) தொகுப்பில் பாக்கும் தியாகராஜரும் சந்திக்கும் இடத்தில் ஒலிக்கும் தனி வயலின் அவருடையது. பக்கவாத்தியம் ஒன்றே வழி என்று நான் சொன்னால் அவர் என்னைப் பொய்யாக்கிவிடுவார். ஆகவே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைக் கேளுங்கள். முதல் வயலின் கிருதியை கமகத்தோடு பாடிச் செல்ல, இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ மூன்றும் கீழே மேற்கத்திய ஒத்திசைவை விரிக்கின்றன. இங்கே கிருதிதான் பாடகர். நான்கு பேரும் அதற்குப் பக்கவாத்தியம்.

இத்தனைக்குப் பிறகும் கச்சேரி விளம்பரத்தில் வயலின்காரர் பெயர் பொடி எழுத்தில்தான் வருகிறது, சன்மானமும் அதற்கேற்பவே. சபாக்காரர்கள் இதை மாற்ற வேண்டும். வாத்ய விருந்தா ஒலிப்பதிவுகளை, வாசித்த ஒவ்வொருவர் பெயரோடும், வானொலி நிலையம் மக்களுக்குத் தர வேண்டும். ரசிகர்களாகிய நாமும் இதைக் கேட்டுக் கடிதம் எழுதுவோம்.