ரூர்க்கி நிலநடுக்கப் பொறியியல் ஆய்வகம்

இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில், ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிலநடுக்கப் பொறியியல் துறையைச் சார்ந்த கட்டமைப்புச் சோதனைக்கூடம். குடிசார் பொறியியலின் கிளையான கட்டமைப்பு இயக்கவியலின் கீழ் அடங்குவது.

1934 பீகார், 1950 அசாம் நிலநடுக்கங்களின் பேரழிவு இத்துறைக்குத் தூண்டுதலாயிற்று. பேராசிரியர் ஜெய் கிருஷ்ணாவின் முயற்சியால் 1960இல் அன்றைய ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு, பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. 2001இல் அப்பல்கலைக்கழகம் தொழில்நுட்பக் கழகமாக மாறியது.

முதன்மைக் கருவி 3.5 மீட்டர் சதுர அதிர்வு மேடை. 20 தொன் எடை தாங்கும். நீரழுத்த உந்திகள் மேடையை அசைக்க, பதிவான நில அசைவு மாதிரிக் கட்டடத்தின் மீது மீண்டும் நிகழ்த்தப்படும். விலைமிக்க இத்தகைய மேடையைவிட எளியதும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கதுமான அமைப்பு, தண்டவாள அதிர்ச்சி மேடை: புகைவண்டிப் பெட்டியின் அடித்தளத்தில் செங்கல் வீட்டு மாதிரியைக் கட்டி, பாரமேற்றிய மற்றொரு வண்டியை அதன்மீது மோதவிடுவர். ஆனந்த் ஆர்யா உள்ளிட்டோரின் இவ்வழிச் சோதனைகள், கதவு, சன்னல்களின் மேல்மட்டத்தில் சுவர்களைச் சுற்றி ஓடும் வலுவூட்டிய கொங்கிறீட்டுப் பட்டையும் மூலைகளில் நிறுத்தும் செங்குத்துக் கம்பிகளும் சுவர் சரிவதைத் தடுப்பதைக் காட்டின. சிறு செலவில் உயிர் காக்கும் முறை இது.

குறிஞ்சாக்கேணி போன்ற கிழக்கிலங்கை ஊர்களின் கல்வீடுகளுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் 2004 டிசம்பர் 26இல் அப்பகுதியின் கிண்ணியாக் கரையைத் தாக்கியது நில அதிர்வன்று, சுமாத்திரா நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை. நீர்விசையை ஆராய அலைத்தொட்டி ஆய்வகங்கள் வேறாக உள்ளன.